பொட்டு ஒட்டிய பேக் பட்டன்

ஜூன் 9, திங்கள்

இடமாறுதல் கலந்தாய்வு அறிவிப்பு வந்தே விட்டது! மூன்று வருடமாக இதோ வருகிறது, அதோ வருகிறது என்று எங்களை வைத்து வேடிக்கை பார்த்தார்கள். காலை பிரேயர் முடிவதற்குள் ஹெச்.எம். சார் போனைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார். "சுந்தரி டீச்சர், இந்த வருஷம் உங்கள யாரும் தடுக்க முடியாது. கணவன் மனைவி முன்னுரிமையில நீங்கதான் முதல்ல வருவீங்க" என்றார். அவர் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. எழுதுகிற மாதிரி ஒரு நல்ல விஷயம் இன்றைக்குத்தான் நடந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் சென்னையில் அரசு அலுவலகத்தில் உதவியாளர். நான் இங்கே கள்ளக்குறிச்சிப் பக்கம் நடுநிலைப் பள்ளியில் டீச்சர். அவர் வீட்டில், அவர் அம்மாவோடு, அவர் இல்லாமல் எட்டு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை வருவார், ஞாயிறு இருப்பார், திங்கள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவார். விழுப்புரத்து டாக்டரம்மா போன மாதம் என் ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மாத்திரை தேவையில்லம்மா. முதல்ல ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருங்க" என்றார். எனக்கு முப்பத்தெட்டு வயது. இதற்கு மேல் விளக்கமாக எழுதக் கூச்சமாக இருக்கிறது.

விண்ணப்பம் எல்லாம் இந்த வருஷம் செயலியில்தானாம். மதிய இடைவேளையில் நானும் ஜெரினா டீச்சரும் டிபன் பாக்ஸை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். அட ராமா, அது செயலியா, இல்லை சந்தைக்குள் சந்தையா? மூலையில் மூன்று கோடு. அதைத் தொட்டால் ஒரு பட்டியல். அதில் 'சேவைகள்' என்று ஒன்று, அதைத் தொட்டால் இன்னொரு பட்டியல். அதற்குள் 'பணியாளர்', அதற்குள் 'கலந்தாய்வு'. உள்ளே போய் மூன்று பக்கம் நிரப்பினேன். சேர்ந்த தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டோமே என்று போனின் கீழே இருக்கிற பேக் அம்புக்குறியைத் தொட்டேன். அவ்வளவுதான்! மொத்தமும் போய், முதல் பக்கத்தில் வந்து நிற்கிறது. மறுபடி நிரப்பினேன். பழக்கதோஷம், மறுபடி தொட்டேன். மறுபடி காலி.

"கீழ இருக்கறத தொடக் கூடாது டீச்சர். மேல ஓரத்துல குட்டியா 'பின்செல்'னு இருக்கு பாருங்க, அதான் அதோட பேக்" என்றார் ஜெரினா. அவரும் காலையில் மூன்று தடவை பட்டுத் தெரிந்துகொண்டதுதான். கைக்கு எங்கே தெரிகிறது மேலும் கீழும்? கடைசியில் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் போனின் கீழ் அம்புக்குறி மேலேயே ஒட்டிவிட்டேன். பொட்டைப் பார்த்தால் விரல் நிற்கும் அல்லவா? ஜெரினா பொட்டு வைக்க மாட்டார், பிள்ளைகள் நோட்டில் ஒட்டுகிற நட்சத்திரம் ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டார். மணி அடிப்பதற்குள் பள்ளியில் எல்லா டீச்சர் போனிலும் ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. ஹெச்.எம். சார் மட்டும் பேண்ட் எய்டு.

ஜூன் 10, செவ்வாய்

போனில் அவரிடம் சொன்னேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "நீ அதுல கை வைக்காத. எங்கயாவது தப்பா அமுக்கித் தொலைச்சிடுவ. ஐடியும் பாஸ்வேர்டும் அனுப்பு, என் போன்ல போட்டு நானே பண்ணிடறேன்" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! எட்டு வருடத்தில் எனக்காக ஒரு காரியத்தைத் தானாகச் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். உடனே அனுப்பிவிட்டேன்.

அத்தைக்கு முட்டிக்குத் தைலம் வாங்கணும். அரிசி ஊற வைத்தாச்சு.

ஜூன் 12, வியாழன்

விண்ணப்பம் போயே போச்சு! காலையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். "ஓடிபி வந்திருக்கும், சொல்லு." வாசித்தேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான். சிலிண்டர், கரண்ட், அவருடைய ரயில் டிக்கெட் வரைக்கும் ஓடிபி எனக்கு வரும், நான் வாசிப்பேன், அவர் அங்கே போடுவார். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். பழகிவிட்டது.

மதியமே ஹெச்.எம். ஒப்புதல் கொடுத்துவிட்டார். விண்ணப்ப எண்ணை அடுப்படி காலண்டரில் எழுதி வைத்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "என்ன நம்பர் இது?" என்றார். "சென்னைக்குப் போற நம்பர்" என்றேன். அவர் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார்.

ஜூன் 14, சனி

வந்திருக்கிறார். பஸ்ஸில் ஆறு மணி நேரம், முகம் வாடிக் கிடந்தது. சட்டைகளை ஊற வைத்தேன். அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு, அப்பளம்.

சாப்பிடும்போது மெதுவாக எடுத்தேன். "இப்பவே வீடு பாக்க ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும். உங்க ரூமு பக்கத்துலயே ஒரு சின்ன வீடா இருந்தாலும் பரவால்ல."

"ஆர்டர் வரட்டும்."

"வந்த பிறகு ஓடணும்ல?"

"ரூமை மாத்தறது அவ்ளோ சுலபம் இல்ல சுந்தரி. பாத்துக்கலாம், விடு."

அந்த ரூமை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு டிவி. நான் போயிருந்த அன்று எனக்குக் காபி கொடுக்கப் பக்கத்து ரூமில் டம்ளர் இரவல் வாங்கினார். பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று அன்றைக்கு அழுகையாக வந்தது.

பாத்திரம் தேய்க்கும்போது அத்தை பின்னால் வந்து நின்றார். "அவன் சின்னப் புள்ளையிலேர்ந்து அப்படித்தாம்மா. கூட யாராவது படுத்தா தூக்கம் வராது. அவங்கப்பா போன அன்னைக்குக்கூட மாடியில போய் தனியாத்தான் படுத்துக்கிட்டான்" என்றார். என்னை இங்கேயே பிடித்து வைக்க எப்படியெல்லாம் வழி பார்க்கிறார் பாருங்கள்! தைலம் தேய்த்துவிட ஆள் போய்விடுமே என்கிற கவலை.

ஜூன் 15, ஞாயிறு

மதியமே கிளம்பிவிட்டார். ஆபீஸில் அவசர வேலையாம். ஊற வைத்த சட்டைகள் காயவே இல்லை, ஈரத்தோடு பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஜூன் 16, திங்கள்

விண்ணப்பிக்க இன்றோடு கடைசி. நமக்கென்ன, எப்போதோ போட்டாச்சு.

ஜூன் 18, புதன்

காலை அவசரத்தில் ஒரு போன். பூரி எண்ணெயில் கிடக்கிறது. "செயலியில ஒண்ணு சரி பாக்கணும், ஓடிபி வரும், சொல்லு." வாசித்தேன். "மறுபடி சொல்லு." மறுபடி வாசித்தேன். "சரி சரி, வச்சிடு" என்று வைத்துவிட்டார். சாப்பிட்டீங்களா என்று கேட்கக்கூட நேரமில்லை. பூரி ஒன்று கருகிவிட்டது.

ஜூன் 23, திங்கள்

என் பெயர் இல்லை.

முன்னுரிமைப் பட்டியல் மூன்று மணிக்கு வந்தது. ஜெரினா பெயர் இருக்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளி பி.டி. மாஸ்டர் பெயர் இருக்கிறது. முதலிலிருந்து கடைசி வரைக்கும், கடைசியிலிருந்து முதல் வரைக்கும் தேடினேன். இல்லை. ஹெச்.எம். சார் அவர் போனில் பார்த்தார். இல்லை. ஏழாம் வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்து உட்கார வைத்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். சொன்னேன்.

"அய்யய்யோ" என்றார். பிறகு, "அன்னைக்குச் சரி பாக்கும்போது பேக் பட்டன் பட்டுடுச்சு. வெளிய தள்ளிடுச்சு. அதுல அழிஞ்சிருக்கும்."

"அழிஞ்சிருக்குமா?"

"அந்தச் செயலியே சரியில்லன்னு நீதான சொன்ன?"

சொன்னேன்தான். நானே அனுபவப்பட்டேனே. பொட்டு ஒட்டி வைத்திருக்கிறேனே. அவர் போனில் யார் பொட்டு ஒட்டுவது? ஒட்டச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஏன் தோன்றவில்லை?

"நீங்க வருத்தப்படாதீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று நானே அவரைத் தேற்றினேன். போனை வைத்த பிறகு அந்தச் செயலியைச் செய்தவன் எவனோ, அவன் நல்லா இருப்பானா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஜெரினா தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து காலண்டரில் இருந்த எண்ணை அடித்தேன், பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கல்வி அலுவலகம் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பையன் மாதிரி ஆள், பெயர் லோகேஷ்வரனாம். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே திரும்பப் பெற்றுட்டீங்களே மேடம்" என்றான்.

"நான் எதையும் பெறல. பேக் பட்டன் பட்டு அழிஞ்சிருக்கு."

சிரித்தான்! "பேக் பட்டன்ல போனா பாதியில நிக்கற பக்கம்தான் மேடம் அழியும். சமர்ப்பிச்சது சமர்ப்பிச்சதுதான். அது எங்கயும் போகாது. திரும்பப் பெறணும்னா நீங்களா உள்ள போய் பண்ணாத்தான் உண்டு."

"அப்ப உங்க செயலி பொய் சொல்லாதா?"

"வீட்ல யாராவது பண்ணாங்களான்னு கேட்டுப் பாருங்க மேடம்."

எப்படிப் பேசுகிறான் பாருங்கள். வீட்டில் யார் பண்ணுவார்கள்? அத்தையா? அவருக்குப் போனில் பச்சை எது சிவப்பு எது என்றே தெரியாது. தங்கள் தப்பை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள் இந்த ஆபீஸ்காரர்கள். மறுபடி சேர்க்க முடியாது, அடுத்த வருஷம் வாங்க என்று அனுப்பிவிட்டான். பஸ் ஸ்டாண்டில் ஒரு சாத்துக்குடி ஜூஸ் வாங்கினேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை.

ஜூன் 25, புதன்

அத்தை இன்று முட்டிவலியை மறந்து தானே கடைக்கு நடந்து போய் வந்தார்.

ஜூன் 27, வெள்ளி

அவர் கூப்பிட்டார். நன்றாகவே பேசினார், வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார். ஆபீஸ் கேண்டீனில் புது மாஸ்டர் வந்திருக்கிறாராம், பொங்கல் நன்றாக இருக்கிறதாம். இந்த வாரம் வர முடியாதாம், அடுத்த வாரம் வரும்போது ஆவக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்துப் போக வேண்டுமாம். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், என்ன அவசரம்?" என்றார்.

எனக்காக வருத்தத்தை மறைத்துக்கொண்டு பேசுகிறார். இப்படி ஒரு மனுஷன்.

ஜூலை 1, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

ஜெரினா டீச்சருக்கு இடமாறுதல் வேண்டாமாம். மாமனாருக்குப் பக்கவாதம், இந்த ஊரை விட்டு நகர முடியாது. கலந்தாய்வு நாள் வரைக்கும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். "எனக்கு பயமா இருக்கு டீச்சர், நீங்க கூட இருந்து அமுக்குங்க. எதையாவது தொட்டு மொத்தமா வேலையே போயிடப் போவுது" என்று போனை என் கையில் கொடுத்தார். நான் அவருக்குச் சிரித்துக்கொண்டே தைரியம் சொன்னேன். "எதுக்கு டீச்சர் இவ்ளோ பயம், எனக்கெல்லாம் பேக் பட்டன்லயே போயிடுச்சு. லேசாத் தொட்டா போதும்" என்றேன். என் வாயால் நானே சொன்னேன்.

மூன்று கோடு. சேவைகள். பணியாளர். கலந்தாய்வு. 'என் விண்ணப்பம்'. அதைத் திறந்து அடிவரைக்கும் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் சின்ன எழுத்தில் 'திரும்பப் பெற'. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், தெரியாமல் தொட வழியே இல்லை.

தொட்டேன். ஒரு பக்கம் வந்தது. 'திரும்பப் பெற்றால் இந்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்க இயலாது. நிச்சயமா?' கீழே இரண்டு பொத்தான். 'பின்செல்' என்பது நீலத்தில் பெரிதாக. 'தொடர்க' சின்னதாக, சாம்பல் நிறத்தில்.

அடுத்த பக்கம், காரணம் கேட்டது. மருத்துவம், குடும்பச் சூழல், சொந்த விருப்பம் என்று ஒரு பட்டியல். ஜெரினா குடும்பச் சூழல் என்றார், தொட்டேன். இங்கேயும் நீலத்தில் 'பின்செல்'.

அதற்கு அடுத்த பக்கம், உங்கள் முழுப் பெயரை எழுத்து எழுத்தாக உள்ளிடவும் என்றது. ஜெரினா பேகம் என்று அடித்தேன். அடிக்கும்போதே கை நின்றுவிட்டது. என் பெயர் சிவகாமசுந்தரி. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அந்தப் பெயரை முழுசாக வீட்டில் யாரும் சொன்னதில்லை, எழுதினதில்லை. யாரோ உட்கார்ந்து அதை ஒவ்வொரு எழுத்தாக அடித்திருக்கிறார்கள். சி, வ, கா, ம.

"என்ன டீச்சர், நின்னுட்டீங்க?" என்றார் ஜெரினா.

ஓடிபி வந்தது. ஜெரினா மெசேஜை முதலிலிருந்து வாசித்தார். "உங்கள் இடமாறுதல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதற்கான ஓடிபி. இதை யாரிடமும் பகிர வேண்டாம்." பிறகு எண்ணைச் சொன்னார். நான் எப்போதும் எண்ணை மட்டும்தான் வாசிப்பேன். அன்றைக்குப் பூரி எண்ணெயில் கிடந்தது. மறுபடி சொல்லு என்றார், மறுபடி வாசித்தேன். என் காலை வெட்ட நானே அவர் கையில் கத்தியைக் கொடுத்து, கூர் சரியாக இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறேன்.

விண்ணப்பிக்க ஹெச்.எம். ஒப்புதல் வேண்டும். விலக யார் ஒப்புதலும் வேண்டாம்.

ஜெரினாவுக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு ஆறாவது பீரியடுக்குப் போனேன். பின்னம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

நாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் பெரிதாக ஒரு பின்செல் இருந்தது. பேக் பட்டன் பட்டுவிட்டது என்றார் அல்லவா? அவர் தொடாத ஒரே பட்டன் அதுதான்.

அவர், அவர் என்று எவ்வளவு நாள் எழுதுவது? எங்கள் பக்கம் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். மாசிலாமணி. எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 2, புதன்

குழம்பில் உப்பு இல்லை என்றார் அத்தை. போட்டுக்கோங்க என்றேன்.

ஜூலை 3, வியாழன்

துணி துவைத்தேன். அத்தை ஆவக்காய் பாட்டிலை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார், மகன் வருகிறானாம்.

ஜூலை 5, சனி

வந்தான். வந்தார் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் வந்தான் என்றும் முழுசாக வரவில்லை. வந்தாச்சு, அவ்வளவுதான்.

சாப்பாடு போட்டேன். கை கழுவிவிட்டு வந்ததும் அத்தை முன்னாலேயே என் போனில் செயலியைத் திறந்து நீட்டினேன்.

"பேக் பட்டன எப்படி அமுக்கினீங்க? ஒரு தடவ எனக்குக் காட்டுங்க."

போனைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"காட்டுங்க. எந்தப் பக்கத்துல இருந்தீங்க? என் பேர அடிச்ச பக்கத்துலயா, அதுக்கு முன்னாடியா?"

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். எழுந்தபோது முட்டியைப் பிடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவருக்கு முன்பே தெரியும். இல்லை, தெரியாது, ஆனால் அவர் தன் பிள்ளையைப் பற்றி என்னிடம் பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அதை வேறு மாதிரி காதில் வாங்கினேன்.

மாசிலாமணி வாயைத் திறந்தார். "வேற யாரும் இல்ல சுந்தரி. எங்கம்மா மேல சத்தியம்."

"நான் கேக்கலையே."

"நீ அப்படி நினைச்சுடக் கூடாதுல்ல. எனக்குப் பழகிடுச்சு, அவ்ளோதான். சாயங்காலம் ரூமுக்குப் போனா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. டிவியைப் போட்டு உக்காந்துடுவேன். நீ வந்தா வீடு பாக்கணும், சாமான் வாங்கணும், டாக்டருக்கு அலையணும். நினைச்சாலே மூச்சு முட்டுது."

"வாய் விட்டுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ அழுவ. செயலி மேல போட்டா அதத் திட்டிட்டு விட்டுடுவன்னு நினைச்சேன்."

திட்டினேனே! முகம் தெரியாத எவனையோ மண்ணை வாரித் தூற்றினேனே.

"டாக்டரம்மா சொன்னது?" என்றேன். இதைக் கேட்கும்போது மட்டும் குரல் உடைந்துவிட்டது, எவ்வளவு அடக்கியும்.

"அதுக்குத்தான் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வரேன்ல?" என்றார்.

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன கேட்க முடியும்? இன்னொருத்தி இருந்தால் மயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் சண்டை போடலாம். ஒரு கட்டிலோடும் ஒரு டிவியோடும் எப்படிச் சண்டை போடுவது?

"காரணம்னு ஒரு பட்டியல் வந்திருக்குமே. அதுல எதைத் தொட்டீங்க?"

"குடும்பச் சூழல்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

ஜூலை 6, ஞாயிறு

ஆவக்காய் எடுத்துப் போகவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

வருகிறார். கூடத்தில் படுக்கிறார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. அவர் ரூமில் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். அடுத்த பரிசோதனைக்கு எப்போது வருகிறீர்கள் என்றாள் அந்தப் பெண், குரல் தேன் மாதிரி. வரவில்லை என்றேன். "கேன்சல் பண்ணிடட்டுமா மேடம், நிச்சயமா?" என்றாள். எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஒன்று எங்கிருந்துதான் கிடைக்கிறதோ. பண்ணிடும்மா என்றேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

டிசம்பர் 12, வெள்ளி

இப்போதெல்லாம் செயலியில் எந்தச் சந்தேகம் என்றாலும் பக்கத்துப் பள்ளிகளிலிருந்துகூட எனக்குத்தான் போன் வருகிறது. எந்த மெனுவுக்குள் எந்த மெனு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். "எப்படி டீச்சர் இவ்ளோ கத்துக்கிட்டீங்க?" என்கிறார்கள். வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள் என்கிறேன்.

போன் பொட்டு எங்கேயோ விழுந்துவிட்டது. புதிதாக ஒட்டவில்லை.

ஜூன் 8, திங்கள்

இந்த வருஷம் ஏஜெண்ட் டைரி தரவில்லை. போன வருஷ டைரியிலேயே மிச்சம் இருக்கிற பக்கத்தில், தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

கலந்தாய்வு மறுபடி திறந்திருக்கிறது. சாயங்காலம் பள்ளி விட்டதும் எல்லாரும் போன பிறகு காலி வகுப்பில் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டை நேற்றே மாற்றிவிட்டேன். மூன்று கோடு, சேவைகள், பணியாளர், கலந்தாய்வு. முதல் இரண்டு பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பலாம், நிரப்பினேன்.

மூன்றாவது பக்கத்தில் 'கணவன் மனைவி முன்னுரிமை கோருகிறீர்களா?' ஆம், இல்லை.

'இல்லை' என்று தொட்டேன். 'முன்னுரிமை இன்றி உங்கள் தரவரிசை பின்தள்ளப்படும். நிச்சயமா?' என்று கேட்டது. பின்செல், தொடர்க. நீலத்தில் பெரிதாகப் பின்செல்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பின்செல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம் என்று போட்டுச் சென்னையை எடுத்தால் என்ன? போய் அந்த ரூம் வாசலில் பெட்டியோடு நின்றால் என்ன? வெளியே தள்ளிவிடுவாரா? இரண்டு டம்ளர் வாங்கிக்கொண்டு போனால் ஒரு மாதத்தில் பழகிவிடாதா? தனியாக இருந்து பழகியவருக்கு என்னோடு இருந்தும் பழகாதா? விரல் நீலத்துக்கு மேலேயே நின்றது.

அப்போதுதான் போன் அடித்தது. மாசிலாமணி. ஸ்பீக்கரில் போட்டேன், பக்கம் அப்படியே பின்னால் நின்றது.

"பாஸ்வேர்டு மாத்திட்டியா?" என்றார். சாப்பிட்டியா இல்லை, எப்படி இருக்க இல்லை.

"ஏன், உள்ள போய் பாத்தீங்களா?"

"இல்ல, இந்த வருஷமும் நானே போட்டுத் தரலாம்னு."

"நானே போட்டுக்கறேன்."

பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "எந்த ஊர் போடற?"

எனக்கே தெரியாது எந்த ஊர் என்று. அதுவரைக்கும் விரல் நீலத்தின் மேல்தான் இருந்தது. என்ன செய்கிறார் பார்ப்போம் என்றுதான் சொன்னேன். சொல்லும்போது அது பொய்தான்.

"கவலப்படாதீங்க. உங்க ஊர் இல்ல."

அந்தப் பக்கம் மூச்சு விட்டார். ரொம்ப நேரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு, நீளமாக, நிம்மதியாக. ஸ்பீக்கரில் வகுப்பு முழுக்கக் கேட்டது.

"சரி சுந்தரி, நல்லா யோசிச்சுப் பண்ணு" என்றார். குரலில் அவ்வளவு அன்பு.

'தொடர்க' என்று தொட்டேன். தர்மபுரிப் பக்கம் ஒரு ஊர், பெயரை மட்டும்தான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், அதைத் தேர்ந்தெடுத்தேன். முழுப் பெயர் கேட்டது, நானே அடித்தேன். ஓடிபி வந்தது.

"ஏதோ மெசேஜ் சத்தம் கேட்டுச்சே, ஓடிபியா? சொல்லு, சொல்லு" என்றார் பழக்கத்தில்.

லைனைக் கட் பண்ணிவிட்டு, மெசேஜை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் சத்தமாக வாசித்தேன். பிறகு எண்ணைப் போட்டேன்.